பிளேன் இறங்காத காடு



நான் டொராண்டோ வந்து ஒரு வருஷம் முடியப் போகுது. ஊர்ல இருந்து போன் பண்றவங்க கேட்கிற கேள்வி ரெண்டே ரெண்டுதான். குளிர் எப்படி இருக்கு? நயாகரா பாத்தாச்சா? ரெண்டுக்கும் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. குளிர் இருக்கு. பாத்தாச்சு. இந்தப் பதிவு அந்த ரெண்டைப் பத்தியும் இல்லை. நான் குடியிருக்குற ஸ்கார்பரோவுக்கு கிழக்கு ஓரத்துல ஒரு காடு இருக்கு. பேரு ரூஜ். முழுப் பேரு ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா. போன அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை முழுக்க அங்கதான் சுத்தினேன்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். நான் 'டொராண்டோ'ன்னு எழுதறதைப் பாத்து இங்க இருக்குற ஈழத்து நண்பர்கள் எல்லாம் சிரிக்கிறாங்க. அவங்க பத்திரிகை, கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை எல்லாத்துலயும் 'ரொறன்ரோ'தான். யோசிச்சுப் பாத்தா இந்த ஊரைத் தமிழாக்கினவங்க அவங்கதான், எழுத்தை முடிவு பண்ற உரிமையும் அவங்களுக்குத்தான். ஆனா கை பழகிடுச்சே, என்ன பண்றது. சரி, மேட்டருக்கு வருவோம்.

பூங்கான்னதும் நம்ம பனகல் பார்க், நடேசன் பார்க் மாதிரி சிமெண்ட் பெஞ்ச், சறுக்கு மரம், சாயங்காலம் சுண்டல்னு நினைச்சுடாதீங்க. ரூஜ் மொத்தம் 79.1 சதுர கிலோமீட்டர். கிண்டி தேசியப் பூங்கா 2.7 தான். அதாவது கிண்டி மாதிரி 29 கிண்டி உள்ள போகும். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை விட இருபது மடங்குக்கும் மேல பெருசு. தெற்கே ஒண்டாரியோ ஏரிக்கரையில ஆரம்பிச்சு, வடக்கே ஓக் ரிட்ஜஸ் மொரைன்னு சொல்ற பனிப்பாறை விட்டுப்போன மண்மேடு வரைக்கும் போகுது. டொராண்டோ, மார்க்கம், பிக்கரிங் மூணு நகரத்தையும் தொட்டுட்டுப் போகுது. நடுவுல 401 நெடுஞ்சாலை வேற குறுக்கால ஓடுது. ஒரு பக்கம் மான், இன்னொரு பக்கம் லாரி.

எல்லாத்தையும் விட முக்கியமா, நுழைவுக் கட்டணம் கிடையாது. கேட் கிடையாது, டிக்கெட் கிடையாது. மாஸ்டர்ஸ் படிக்கிற பயலுக்கு இதை விட வேற என்ன வேணும் :-)

நாங்க மூணு பேர். நான், என் ரூம்மேட் (மதுரைக்காரன்), அப்புறம் வீட்டுக்கார அண்ணை. நாங்க இருக்குறது அவர் வீட்டு பேஸ்மெண்ட்ல. யாழ்ப்பாணம், வலிகாமம் வடக்குப் பக்கம் அவருக்கு. முப்பது வருஷத்துக்கு மேல இங்க இருக்காரு. "பஸ்ஸில போறியளோ? விசரே தம்பி உங்களுக்கு? நானும் வாறன், கார்லயே போவம். கனகாலமாச்சு அங்கால போய்"னு கிளம்பிட்டாரு. அக்கா கிளம்பும்போதே சொன்னாங்க: "சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போங்கோ, செருப்போட போகாதையுங்கோ. உண்ணி கடிக்கும்." வழியில ஒரு தமிழ் டேக்-அவுட் கடையில மட்டன் ரோல்ஸ் ஒரு டஜன். ஸ்கார்பரோல எந்த நல்ல காரியமும் ரோல்ஸ் இல்லாம நடக்காது.

முதல்ல போனது விஸ்டா டிரெயில். டொராண்டோ மிருகக்காட்சி சாலை வாசலுக்கு ரொம்பப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்குது. ஒண்ணரை கிலோமீட்டர் மாதிரிதான், நம்ம பழனி படி மாதிரி மூச்சு வாங்காது. கொஞ்ச தூரத்துல மரத்தால கட்டின ரெண்டடுக்கு மேடை ஒண்ணு வருது. ஏறி நின்னா கீழ லிட்டில் ரூஜ் ஓடை ஓடற பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும்.

இலையுதிர்காலம்னு பாடப் புத்தகத்துல படிச்சப்போ எனக்கு மனசுல வந்தது காய்ஞ்ச சருகுதான். இங்க அப்படி இல்லை. மேப்பிள் சிவப்பு, பிர்ச் மஞ்சள், ஓக் ஒரு மாதிரி தோல்செருப்பு நிறம், நடுவுல பைன் மட்டும் 'நான் எதுக்கு மாறணும்'னு பச்சையாவே நிக்குது. கோயில் திருவிழாவுக்குப் பட்டுப் புடவை கட்டிட்டு வந்த கூட்டத்தை மாடியில இருந்து பாக்கிற மாதிரி இருந்துச்சு. (காஞ்சிபுரத்துக்காரன் வேற என்ன உவமை சொல்வான்?) ரூம்மேட் நாப்பது போட்டோ எடுத்தான். நாப்பதும் ஒரே போட்டோ.

'ரூஜ்'னா பிரெஞ்சுல சிவப்பு. நான் இந்த இலைகளைப் பாத்துதான் பேரு வெச்சிருப்பாங்கன்னு நினைச்சேன், அண்ணையும் அப்படித்தான் நினைச்சிருந்தாராம். ஆனா பேருக்குக் காரணம் ஆத்தங்கரையில இருக்குற செம்மண் களிமண்ணாம். தகவல் பலகையில போட்டிருந்துச்சு.

அடுத்தது மாஸ்ட் டிரெயில். ட்வின் ரிவர்ஸ் ரோடு பக்கம் காரை நிறுத்திட்டு நடந்தோம். 'மாஸ்ட்'னா பாய்மரம். இருநூறு வருஷத்துக்கு முன்னாடி இந்தக் காட்டுல இருந்த உசரமான வெள்ளைப் பைன் மரங்களை வெட்டி, இந்த வழியா ஏரிக்கு இழுத்துட்டுப் போய், பிரிட்டிஷ் கப்பல்களுக்குப் பாய்மரக் கம்பமா அனுப்பியிருக்காங்க. நம்ம மலபார், பர்மா தேக்கு கப்பலாப் போன அதே காலம், அதே ஆளுங்க. உலகம் முழுக்க ஒரே கடைக்கு சரக்கு ஏத்தியிருக்கோம்.

அவங்களுக்கு முன்னாடியும் இங்க ஆள் இருந்திருக்காங்க. இந்தப் பள்ளத்தாக்குல மனுஷன் நடமாடி பத்தாயிரம் வருஷத்துக்கு மேல ஆகுதாம். ஏரிக்கரையில இருந்து வடக்கே சிம்கோ ஏரிக்குப் போக ஓடத்தைத் தோள்ல தூக்கிட்டு நடந்த பழைய வழியில ஒண்ணு இந்த ரூஜ் ஆத்தை ஒட்டித்தான் போகுது. பூங்காவுக்குள்ள பீட் ஹில்னு ஒரு இடம், 17ஆம் நூற்றாண்டுல செனகா மக்கள் வாழ்ந்த ஊர். 1991ல தேசிய வரலாற்றுச் சின்னமா அறிவிச்சாங்க. அப்படியே விட்டு வெச்சிருக்காங்க. போய்ப் பாக்கிற மாதிரி ஒண்ணும் கட்டி வைக்கலை. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு.

மாஸ்ட் டிரெயில்ல பாதி தூரம் ஏத்தம். அண்ணை எங்களை விட வேகமா நடந்தாரு. ரூம்மேட் 'அண்ணே, கொஞ்சம் உக்காந்து ரோல்ஸ் சாப்பிட்டுட்டுப் போலாமே'ன்னு மூணு தடவை கேட்டுட்டான்.

இங்க ஒரு ஆமைக் கதை சொல்லணும். பிளாண்டிங்ஸ் ஆமைன்னு ஒரு வகை, தாடையும் கழுத்தும் எலுமிச்சை மஞ்சள். எண்பது வருஷம் வரைக்கும் வாழுமாம். முட்டை போடற வயசுக்கு வரவே பதினஞ்சு இருபது வருஷம் ஆகும். ரூஜ்ல இது விரல் விட்டு எண்ற அளவுக்குக் குறைஞ்சு போச்சு. அதனால மிருகக்காட்சி சாலையில முட்டையைப் பொரிக்க வெச்சு, ரெண்டு வருஷம் வளர்த்து, ஓடு கொஞ்சம் கெட்டியானதும் இங்க சதுப்புல விடறாங்க. 2014ல ஆரம்பிச்சது. 2014ல விட்ட குட்டி முட்டை போடறதுக்கு இன்னும் பல வருஷம் காத்திருக்கணும். வேலையை ஆரம்பிச்சவங்க ரிட்டயர் ஆகிடுவாங்க போல. நம்ம ஊர்ல அஞ்சு வருஷத்துக்கு மேல யோசிக்கிற திட்டம் எதுன்னு நானும் ரூம்மேட்டும் யோசிச்சோம். கண்ணதாசன் படிச்ச தத்துவம் மாதிரி அவன் சொன்னான்: "சீட்டுக் கம்பெனி."

மேல நின்னு பாத்தா தூரத்துல புல்லு முளைச்ச ஒரு பெரிய குன்று தெரியும். அழகாத்தான் இருக்கு. அது குன்று இல்லைங்க, குப்பை! பியர் ரோடு குப்பைக் கிடங்கு. 1960களோட கடைசியில ஆரம்பிச்சு 1983 வரைக்கும் டொராண்டோவோட குப்பையை லாரி லாரியாக் கொண்டு வந்து இந்தப் பள்ளத்தாக்கு ஓரத்துல கொட்டியிருக்காங்க. இப்ப மூடி, மண் போட்டு, புல் வளர்த்தாச்சு. எனக்கு உடனே பெருங்குடிதான் ஞாபகம் வந்துச்சு. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துலதானே நம்மளும் கொட்டினோம்? 2022ல அதுக்கு ராம்சார் பட்டியல்ல இடம் கிடைச்சப்போ பக்கத்துலயே குப்பைமேடும் நின்னுட்டு இருந்துச்சு. வெள்ளைக்காரன் ஊர்ல எல்லாம் பிறக்கும்போதே சுத்தமாப் பிறந்ததுன்னு நினைக்கிறவங்க இந்தக் குன்றைக் கட்டாயம் பாக்கணும்.

இந்தக் காடு தானா மிஞ்சலை, மிச்சம் வெச்சிருக்காங்க. 1975லயே ரூஜ் பள்ளத்தாக்கைக் காப்பாத்தணும்னு ஊர்க்காரங்க ஒரு அமைப்பு ஆரம்பிச்சுட்டாங்க. அதுல முன்னாடி நின்ன லோயிஸ் ஜேம்ஸ்ங்கிற அம்மாவை 'ரூஜோட தாய்'னே சொல்றாங்க. வீடு கட்டற கம்பெனி, ரோடு போடற துறைன்னு ஒவ்வொருத்தரோடவும் மல்லுக்கட்டி, 1995ல மாகாண அளவுல ரூஜ் பார்க் ஆச்சு. 2015ல தனிச் சட்டம் போட்டு தேசியப் பூங்கா ஆக்கினாங்க. அப்பவும் சண்டை ஓயலை. சட்டத்துல இயற்கைக்கு முதலிடம்னு தெளிவா எழுதலைன்னு ஒண்டாரியோ அரசே தன் நிலத்தைக் கொடுக்க மாட்டேன்னு நின்னுச்சு. 2017ல சட்டத்தைத் திருத்தின பிறகுதான் வழிக்கு வந்தாங்க.

இவ்வளவும் நான் பாதி பலகையில படிச்சது, பாதி யுனிவர்சிட்டி லைப்ரரியில பிறகு தேடினது. ஆனா எனக்கு உண்மையிலேயே தூக்கம் போனது அடுத்த விஷயத்துலதான்.

மத்தியானம் காரை எடுத்துட்டு வடக்கே போனோம். ஸ்டீல்ஸ் அவென்யூ தாண்டினா காடு போய் வயல் வருது. கண்ணுக்கு எட்டின வரைக்கும் சோளம், சோயா. அங்கங்க பழைய களஞ்சியம், அதுக்குப் பக்கத்துல சைலோ. இதுவும் பூங்காதான்! பூங்காவுக்குள்ளயே விவசாயம் பண்றாங்க. கனடாவுலயே முதல் தர மண். பூங்கா நிர்வாகம் விவசாயிகளுக்கு நீண்டகாலக் குத்தகை கொடுக்குது, 30 வருஷம் வரைக்கும்.

'நல்லாத்தானே இருக்கு'ன்னு தோணும். ஆனா சொந்த மண்ணுல எதுக்கு குத்தகை? அங்கதான் கதை.

1972 மார்ச் 2ஆம் தேதி கனடா மத்திய அரசு ஒரு அறிவிப்பு விட்டுச்சு. டொராண்டோவுக்கு ரெண்டாவது சர்வதேச விமான நிலையம், பிக்கரிங்ல. இருக்குற ஏர்போர்ட் (இப்ப பியர்சன்) சீக்கிரமே நிரம்பி வழியப் போகுது, அதனால 18,600 ஏக்கர் எடுக்கிறோம். பக்கத்துலயே புது நகரம் கட்டப் போறோம்னு மாகாண அரசு இன்னொரு பெரிய துண்டு எடுத்துச்சு. தலைமுறை தலைமுறையா உழுத குடும்பங்கள். பிரௌம், ஆல்டோனா மாதிரி சின்னச் சின்ன ஊர்கள். அரசாங்கம் காசு கொடுத்துச்சு, இல்லைன்னு சொல்லலை. ஆனா 'விக்க மாட்டேன்'னு சொல்ற உரிமை மட்டும் யாருக்கும் இல்லை.

ஜனங்க சும்மா இருக்கலை. 'மனுஷங்களா, விமானங்களா'ன்னு பேரு வெச்சு ஒரு இயக்கம் ஆரம்பிச்சாங்க. மூணு வருஷம் போராட்டம். 1975 செப்டம்பர்ல ஒண்டாரியோ அரசு பல்டி அடிச்சுச்சு: ரோடு, சாக்கடை, தண்ணி எதுவும் நாங்க போட்டுத் தர மாட்டோம்னு. ரோடு இல்லாம ஏர்போர்ட் எப்படி? மத்திய அரசு திட்டத்தைத் தூக்கிப் பரண்ல போட்டுச்சு.

ஜெயிச்சாச்சுன்னு நினைப்பீங்க. இல்லைங்க. திட்டம்தான் பரணுக்குப் போச்சு, நிலம் அரசாங்கத்துக்கிட்டயே இருந்துச்சு. எப்பவாவது தேவைப்படும்னு வெச்சுக்கிட்டாங்க. சொந்தக்காரங்களா இருந்தவங்க சொந்த நிலத்துலயே வாடகைக்காரங்க ஆனாங்க. வருஷா வருஷம் புதுப்பிக்கிற குத்தகை. அடுத்த வருஷம் இருப்போமான்னு தெரியாத இடத்துல எவன் கூரை மாத்துவான்? எவன் கிணறு வெட்டுவான்? எவன் மரம் நடுவான்? வீடுகள் ஒவ்வொண்ணாக் காலியாச்சு. காலியான வீட்டை இடிச்சாங்க. ஏர்போர்ட் வராமலே அந்த ஊர்கள் பாதி அழிஞ்சு போச்சு. ஒரு ஓடுபாதைகூடப் போடாம இதைச் சாதிச்சது எப்படின்னு நகரத் திட்டமிடல் படிக்கிறவங்களுக்குப் பாடமாவே வைக்கலாம்.

அதே சமயத்துல மாண்ட்ரியல்ல ஏர்போர்ட் நிஜமாவே கட்டினாங்க. மிராபெல். 1969ல அறிவிச்சு, சுத்துவட்டாரத்துல 97,000 ஏக்கர் எடுத்து, 1975ல திறந்தாங்க. உலகத்துலயே பெருசுன்னு பெருமை வேற. ஊரை விட்டு அவ்வளவு தூரத்துல யாரும் போய் ஏறலை. 2004ல பயணிகள் விமானத்தையே நிறுத்திட்டாங்க. அப்புறம் டெர்மினலையும் இடிச்சாச்சு. பியர்சன் மட்டும் 'நிரம்பி வழியுது, நிரம்பி வழியுது'ன்னு சொல்லிட்டே விரிவாகி, 2019ல வருஷத்துக்கு 5 கோடிப் பேரை ஏத்தி இறக்குச்சு.

இந்தக் கதையை நான் ஒரு வயல் ஓரத்துல, கார் பானெட் மேல ரோல்ஸ் வெச்சு சாப்பிட்டுக்கிட்டே படிச்சுச் சொல்லிட்டு இருந்தேன். ரூம்மேட்தான் சொன்னான்: "டேய், இது உங்க ஊருடா."

ஆமா. எங்க சித்தி வீடு பரந்தூர் பக்கம்.

தெரியாதவங்களுக்கு: சென்னைக்கு ரெண்டாவது ஏர்போர்ட் பரந்தூர்லன்னு 2022 ஆகஸ்ட்ல அறிவிச்சாங்க. காஞ்சிபுரம் பக்கம் 13 கிராமம், 5,000 ஏக்கருக்கு மேல. ஏரி, குளம், கம்பன் கால்வாய் எல்லாம் அந்த எல்லைக்குள்ள வருது. ஏகனாபுரம் மக்கள் அப்ப ஆரம்பிச்ச போராட்டம் ஆயிரம் நாளைத் தாண்டிப் போச்சு. கிராம சபையில தீர்மானம் மேல தீர்மானம். 2024 தேர்தலைப் புறக்கணிச்சாங்க. 2025 ஏப்ரல்ல ஒன்றிய அரசு கொள்கை அளவுல ஒப்புதல் கொடுத்துச்சு.

சித்திகிட்ட போன்ல பேசும்போது அவங்க ஏர்போர்ட்டைத் திட்ட மாட்டாங்க. "வீட்டுக்குப் பின்னாடி சுவர் விரிசல் விட்டிருக்குடா, பூசறதா வேணாமான்னே தெரியலை"ன்னுதான் சொல்வாங்க. இதைத்தான் நான் பிக்கரிங் கதையில திரும்பப் படிச்சேன்.

எனக்கு இதுல சுலபமான கருத்து எதுவும் கிடையாது. மீனம்பாக்கத்துல இடம் பத்தலைங்கிறது உண்மை. நானே அங்க வரிசையில நின்னுதான் இங்க வந்தேன். ஏர்போர்ட்டே வேணாம்னு சொல்ற தகுதி எனக்கு இல்லை. ஆனா 'நிரம்பி வழியப் போகுது'ங்கிற கணக்கை 1972லயும் பெரிய பெரிய நிபுணருங்கதான் போட்டாங்க. அதனால அந்தக் கணக்கை இனிமே யாரு போட்டாலும் ரெண்டு தடவை கூட்டிப் பாக்கணும்னு தோணுது. ஏரியைத் தூர்த்துட்டு வெள்ளம் வந்ததும் மழையைத் திட்டற பழக்கம் நமக்கு வேற இருக்கு.

அண்ணை இவ்வளவு நேரம் ஒண்ணும் பேசலை. ரோல்ஸ் பேப்பரை மடிச்சு மடிச்சு சின்னதாக்கிட்டு இருந்தாரு. அப்புறம் மெதுவாச் சொன்னாரு:

"எங்கட காணியும் பிளேனுக்குத்தான் போனது, தம்பி."

பலாலி. ரெண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ்காரங்க போட்ட விமானத்தளம். 1990 ஜூன்ல சண்டை வந்தப்போ வலிகாமம் வடக்கு ஜனங்க கையில கிடைச்சதை எடுத்துட்டு ஓடினாங்க. ரெண்டு நாள்ல திரும்பலாம்னு நினைச்சுத்தான் போனாங்களாம். அந்த இடம் உயர் பாதுகாப்பு வலயம் ஆயிடுச்சு. போர் முடிஞ்சு நாலு வருஷம் கழிச்சு, 2013ல, 6,381 ஏக்கரை அரசே எடுத்துக்கப் போறதா நோட்டீஸ் ஒட்டினாங்க. ஜனங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2015க்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சில பகுதியை விட்டாங்க, மயிலிட்டித் துறைமுகம் 2017ல திரும்பி வந்துச்சு. 2019 அக்டோபர்ல பலாலியை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாத் திறந்தாங்க. முதல்ல வந்தது சென்னையில இருந்து போன பிளேன்தான்.

"அப்ப எனக்குப் பதினெட்டு வயசு. வளவுக்குள்ள ரெண்டு மாமரம் நிண்டது. அம்மா கிணத்தடியில உடுப்புத் தோய்ச்சுப் போட்டது போட்டபடி. எடுக்கேல்லை. இப்ப அந்தப் பக்கம் விட்ட காணியளுக்க எங்கட இல்லை. இன்னும் கம்பி வேலிக்கு அங்கால." கொஞ்ச நேரம் வயலைப் பாத்தாரு. "இஞ்ச பாருங்கோ. அம்பது வருசத்துக்குப் பிறகும் காணி காணியாத்தான் கிடக்குது. சோளம் நிக்குது. அதுக்கும் குடுத்து வைக்கோணும்."

ரூம்மேட் மிச்சமிருந்த ஒரு ரோல்ஸை அவர்கிட்ட நீட்டினான். வாங்கிக்கிட்டாரு.

பிக்கரிங் கதையோட மிச்சத்தையும் சொல்லிடறேன். 2013ல மத்திய அரசு 'ஏர்போர்ட் மறுபடி வரும்'னு ஆரம்பிச்சுச்சு. ஆனா அந்த 18,600 ஏக்கர்ல ஒரு பெரிய பகுதியைப் பூங்காவுக்குக் கொடுக்கிறோம்னும் சொன்னாங்க. கொடுத்தாங்க. நாங்க நின்ன வயல் அப்படி வந்ததுதான். மிச்சம் சுமார் 8,700 ஏக்கர் தொங்கல்லயே இருந்துச்சு.

நடுவுல இன்னொரு கூத்து. பூங்காவை ஒட்டி டஃபின்ஸ் ரூஜ் விவசாயப் பாதுகாப்பு நிலம்னு ஒண்ணு இருக்கு. இதுவும் எழுபதுகள்ல மாகாண அரசு எடுத்த நிலம்தான். பிறகு, விவசாயம் மட்டும்தான் பண்ணணும்ங்கிற நிபந்தனையோட குறைஞ்ச விலைக்கு வித்தாங்க. 2022 கடைசியில டக் ஃபோர்டோட ஒண்டாரியோ அரசு 'வீட்டுப் பஞ்சம்'னு சொல்லி, கிரீன்பெல்ட்ல இருந்து 7,400 ஏக்கரை வெளிய எடுத்துச்சு. அதுல பெரும்பகுதி இந்த நிலம். நிபந்தனையும் போச்சு. 2023 ஆகஸ்ட்ல மாகாணத் தணிக்கையாளர் அறிக்கை வந்துச்சு: நிலம் வெச்சிருந்தவங்களுக்கு மதிப்பு 830 கோடி டாலருக்கு மேல ஏறியிருக்கு, தேர்வு பண்ணின முறை சரியில்லைன்னு. வீட்டுவசதி அமைச்சர் ராஜினாமா. செப்டம்பர்ல முதல்வர் மன்னிப்புக் கேட்டு எல்லாத்தையும் திருப்பிப் போட்டாரு. ரியல் எஸ்டேட் விஷயத்துல தமிழ்நாட்டுக்கும் கனடாவுக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்லைன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. அறிக்கையும் ராஜினாமாவும் வருதுங்கிறது மட்டும்தான் வித்தியாசம்.

2025 ஜனவரி 27. மத்தியப் போக்குவரத்து அமைச்சர் அறிவிச்சாங்க: பிக்கரிங்ல ஏர்போர்ட் வராது. நிலத்துல பெரும்பகுதியை இயற்கைப் பாதுகாப்புக்கும் விவசாயத்துக்கும் விடப் போறோம், ரூஜோட சேர்க்கிறதைப் பத்தி பூங்கா நிர்வாகத்தோட பேசப் போறோம்னு. 1972ல இருந்து 53 வருஷம்! எடுக்க ஒரு நாள், விட அரை நூற்றாண்டு.

அறிவிச்ச அமைச்சர் யாருன்னு பாத்தா அனிதா ஆனந்த். அவங்க அப்பா தமிழ்நாட்டுக்காரர், அம்மா பஞ்சாப். இதுல இன்னொரு தற்செயல். அதுக்குச் சரியா ஒரு வாரம் முன்னாடி, ஜனவரி 20ஆம் தேதிதான் நடிகர் விஜய் கட்சித் தலைவரா பரந்தூர் மக்களைப் போய்ப் பாத்தாரு. ரெண்டு செய்தியும் என் போன்ல ஒண்ணு மேல ஒண்ணா இருந்திருக்கணும். ஒண்ணு சித்தி அனுப்பினது. இன்னொண்ணை இந்தப் பதிவு எழுதத்தான் தேடி எடுத்தேன்.

அண்ணைகிட்ட அன்னிக்கு ராத்திரி இதைச் சொன்னப்போ, "அங்க சனம் ஆயிரம் நாளா இருக்குதெண்டு சொன்னனீர். இஞ்ச அம்பத்து மூண்டு வருசம். உங்கட சித்தியிட்டச் சொல்லும், சுவரைப் பூசச் சொல்லி"ன்னாரு. சித்திகிட்ட சொன்னேன். "சிமெண்ட் என்ன விலை விக்குது தெரியுமா"ன்னாங்க. ஆனா கொத்தனார் நம்பர் இருக்கான்னு சித்தப்பாகிட்ட கேட்டது என் காதுல விழுந்துச்சு.

சரி, போகணும்னு நினைக்கிறவங்களுக்கு:

கார் இல்லைன்னா கென்னடி ஸ்டேஷன்ல 86ஆம் நம்பர் பஸ் பிடிச்சு மிருகக்காட்சி சாலைப் பக்கம் இறங்கலாம், ஆனா எல்லா 86ம் அது வரைக்கும் போகாது, போர்டைப் பாத்து ஏறுங்க. விஸ்டா டிரெயிலுக்கு அதுதான் வசதி. ஏரி பாக்கணும்னா கோ ரயில்ல ரூஜ் ஹில் ஸ்டேஷன். அங்கிருந்து கரையோரமா நடந்தா ஆறு ஏரியில கலக்குற இடமும் மணல் கரையும் வரும். பெசன்ட் நகரை எதிர்பாக்காதீங்க, ஆனா கூட்டம் இல்லை. வடக்கே வயல் பக்கம் போக கார் இல்லாம முடியாது.

மேப்பிள் நிறம் பாக்கணும்னா அக்டோபர் நடுவுல போங்க. இலையுதிர்காலத்துல ஆத்துல சினூக் சால்மன் எதிர்நீச்சல் போடறதையும் பாக்கலாம், அதுவும் இலவசம்தான். மழை பெய்ஞ்ச மறுநாள் மாஸ்ட் டிரெயில் வழுக்கும். சாப்பாடு கையில கொண்டு போங்க, உள்ள கடை எதுவும் கிடையாது. குப்பையைத் திருப்பி எடுத்துட்டு வந்துடுங்க, பக்கத்துல ஏற்கெனவே ஒரு மலை இருக்கு.

அக்கா சொன்ன உண்ணி விஷயம் விளையாட்டு இல்லை. கருங்கால் உண்ணி ரூஜ்ல நிஜமாவே இருக்கு, லைம் நோயைப் பரப்பும். முழுக்கை சட்டை, பேண்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகிக்கணும், பாதையை விட்டுப் புல்லுக்குள்ள இறங்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னாடி, அக்குள், காதுக்குப் பின்னாடி எல்லாம் பாத்துடுங்க. எங்க மூணு பேரையும் அக்கா வாசல்லயே நிறுத்தி, டார்ச் அடிச்சுப் பாத்துட்டுத்தான் உள்ள விட்டாங்க.